மூன்று நிமிஷக் கவிஞர்கள்

மேடைக் கவிதையைப் பற்றி நான் நல்லதாக ஒன்றும் எழுதியதில்லை. கவியரங்கம் என்ற பெயரில் நம் ஊர்களில் நடப்பதை இளம் வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். பொங்கல் என்றால் ஒன்று, தீபாவளி என்றால் ஒன்று, தலைவர் பிறந்த நாள் என்றால் மூன்று. தலைமை வகிப்பவர் ஒவ்வொரு கவிஞரையும் ஒரு சிலேடை வைத்து அழைப்பார். அழைக்கப்பட்டவர் முதல் பத்து வரியைத் தலைமை வகிப்பவரைப் புகழ்வதில் செலவழிப்பார். பிறகு ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டுச் சற்று நிறுத்துவார். அந்த நிறுத்தம் கைதட்டலுக்காக. கைதட்டல் வராவிட்டால் மூன்றாம் தடவையும் படிப்பார். கைதட்டலுக்கு இடம் விட்டு எழுதப்படுவது கவிதை ஆகாது என்று ஒரு கட்டுரையில் எழுதி, அதனால் இரண்டு மூன்று சிநேகிதர்களை இழந்தும் இருக்கிறேன்.

அந்த அபிப்பிராயத்தை முழுவதும் மாற்றிக்கொள்ள இன்றைக்கும் எனக்குக் காரணம் ஏற்படவில்லை. ஆனால் அதில் பாதி தப்பு என்று சிகாகோ நகரத்து மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டேன். எந்தப் பாதி என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

2009-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் என் பெண்ணின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளைக்கு என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மியூசியம் பார்த்தாயிற்று. ஏரியைப் பார்த்தாயிற்று. லெமான்ட் ராமர் கோயிலுக்கும் போய் வந்தாயிற்று. ஒரு நாள் தயங்கித் தயங்கி, "மாமா, நீங்கள் எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் இடத்தில் கவிதை படிக்கிறார்களாம். போகலாமா? ஆனால் அது ஒரு பார்" என்றார். கவிதை என்பதைவிட பார் என்பதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது. எனக்குச் சங்கடம் நேர்மாறாக இருந்தது. இருந்தாலும் போனோம்.

பிராட்வேயும் லாரன்ஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது கிரீன் மில் என்ற அந்தக் கடை. 1907-இல் வழிப்போக்கர் தங்கிப் போகும் சாவடிக் கடையாகத் தொடங்கி, 1910-இல் 'பச்சைக் காற்றாலை' என்ற இந்தப் பெயரைப் பெற்றது. பாரிஸில் சிவப்புக் காற்றாலை என்று ஒரு பிரசித்தமான நாட்டியசாலை இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து வைத்த பெயர். மதுவிலக்குக் காலத்தில் அல் கபோன் வந்து உட்காருவானாம். இரண்டு வாசலையும் ஒரே சமயத்தில் கண்காணிக்க வசதியான மூலை இருக்கையை இன்றும் காட்டுகிறார்கள். உள்ளே வெளிச்சம் குறைவு. வளைந்த சோபாக்கள், கனத்த சட்டமிட்ட பெரிய ஓவியங்கள், ரோமானியரின் தானிய தேவதையான சீரிஸின் சிலை ஒன்று. அவளுக்கு வாடிக்கைக்காரர்கள் ஸ்டெல்லா என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் தானியலட்சுமியை மதுக்கடையில் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தபடி சோடாவுக்குச் சொன்னேன்.

இந்தக் கடையின் பழைய கதைகளில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். ஜோ இ. லூயிஸ் என்ற பாடகர் இங்கே பாடிக்கொண்டிருந்தார். கூடுதல் சம்பளத்துக்கு 1927-இல் வேறொரு கடைக்கு மாறினார். சில நாட்களில் ஹோட்டல் அறையில் அவர்மேல் ஆட்கள் பாய்ந்து தொண்டையையும் நாக்கையும் கத்தியால் கிழித்தார்கள். ஆசாமி பிழைத்துவிட்டார். பேச்சை மறுபடி எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டு, பாட்டு போனதால் ஹாஸ்யப் பேச்சாளராகப் பெயர் வாங்கினார். ஒரு குரலுக்குச் சந்தையில் விலை இருந்தால் அதற்கு என்ன நேரலாம் என்பதைப் பார்த்த இடம் அது. விலையே இல்லாத குரல்களுக்கு அதே இடத்தில் ஞாயிறு சாயங்காலம் ஒழித்துக் கொடுக்கப்பட்டிருந்தது.

ஒழித்துக் கேட்டவர் மார்க் ஸ்மித். கட்டிட வேலை பார்த்தவர். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கவிதை வாசிப்பு என்றால் எப்படி இருந்தது என்று அவர் சொல்வதைப் படித்தால் நமக்குப் புதிதாக ஒன்றும் தோன்றாது. சர்வகலாசாலை மண்டபம், பத்துப் பதினைந்து பேர், அவர்களில் முக்கால்வாசிப் பேர் தம் முறைக்குக் காத்திருக்கும் கவிஞர்கள். படிப்பவர் தாளைப் பார்த்துப் படிப்பார். கேட்பவர் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்பார். ஸ்மித் 1984-இல் 'கெட் மீ ஹை' என்ற சிறு ஜாஸ் கடையில் திங்கட்கிழமைதோறும் ஒரு வாசிப்பைத் தொடங்கினார். பிறகு 1986 ஜூலையில் கிரீன் மில்லுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சேர்ந்தார். டேவ் ஜெமிலோ என்பவர் கடையை வாங்கிப் புதுப்பித்திருந்த சமயம் அது. அதன் பிறகு முப்பது வருஷங்களுக்கு மேலாக, 2020 மார்ச்சில் கொரோனா எல்லாக் கடைகளையும் மூடியது வரையில், அந்த ஞாயிறுகள் நடந்தன.

மாலை மூன்று பகுதியாக இருக்கும். முதலில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டு மேடையேறிப் படிக்கலாம். ஓப்பன் மைக் என்று அதற்குப் பெயர். இரண்டாவது பகுதியில் அழைக்கப்பட்ட ஒரு கவிஞர். மூன்றாவது பகுதியில் போட்டி. அதுதான் 'ஸ்லாம்' என்று உலகமெல்லாம் பெயர் வாங்கியது. அது பிறந்த விதம் வேடிக்கையானது. நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியை நிரப்ப ஸ்மித்திடம் சரக்கு இல்லை. சரி, கவிஞர்களை மோதவிட்டுச் சபையையே தீர்ப்புச் சொல்லச் செய்வோம் என்று விளையாட்டாக ஆரம்பித்தார். முதலில் கூச்சலும் கைதட்டலுமே தீர்ப்பு. பிறகு எண்கள் வந்தன. இட்டு நிரப்ப வந்த பகுதி, மற்ற இரண்டு பகுதிகளையும் விழுங்கிவிட்டது. பத்திரிகைகளில் தொடர்கதைக்கு இடம் விட்டது போக மிச்சத்தில் துணுக்குப் போடப் போய், கடைசியில் துணுக்குக்காகவே பத்திரிகை வாங்கும் ஜனங்களை உண்டாக்கிய நமக்கு இது புரியாததல்ல.

சபைக்கு அங்கே சில உரிமைகள் உண்டு. கவிதை பிடிக்காவிட்டால் விரலைச் சொடுக்கலாம். இன்னும் பிடிக்காவிட்டால் காலால் தரையைத் தட்டலாம். அதற்கும் மேலே போனால் வயிற்று வலிக்காரனைப் போல முனகலாம். பெண்களை இழிவாகச் சொல்லும் வரி வந்தால் பெண்கள் சீறுவார்கள். (மற்ற ஊர்களில் சொடுக்குவது பாராட்டு என்று பிற்பாடு தெரிந்தது. பிறந்த இடத்தில் அது எச்சரிக்கை.) நடத்துகிறவருக்கும் விலக்கு இல்லை. ஸ்மித் மேடையில் தம் பெயரைச் சொன்னதும் கடை முழுவதும் ஒரே குரலில், "அதனால் என்ன?" என்று கேட்டது. நான் திடுக்கிட்டுப் போனேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். பல வருஷ வழக்கமாம். தப்பாகப் பாடிய புலவர்களின் காதைத் துறட்டியால் அறுத்தார் வில்லிபுத்தூரார் என்று நம்மிடம் ஒரு கதை உண்டு. அதோடு ஒப்பிட்டால் காலால் தட்டுவது சாத்விகமான காரியம்தான்.

முதல் பகுதியில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் படித்தார்கள். அவர்களில் மூன்று பேரைத் தவிர மற்றவர்கள் படித்ததைக் கவிதை என்று சொல்ல மாட்டேன். ஒரு பையன் தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். தாள் நடுங்கியது ஒலிபெருக்கியில் கேட்டது. ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து, இரவு டியூட்டியில் ஒரு கிழவியின் நகத்தை வெட்டிவிட்டதைப் பற்றிப் படித்தாள். மூன்று பேரில் அவள் ஒருத்தி. கவிதை முடிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிவதற்குள் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஆனால் நான் சொல்ல வேண்டிய ஆசாமி வேறொருவர். அறுபது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றாமல் மேடையேறினார். ஏறியதும் சபையில் ஒரு கலகலப்பு. எல்லோருக்கும் தெரிந்தவர் போலிருக்கிறது. தமது பழைய வீட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். வீட்டைச் சொன்னார், சுவரைச் சொன்னார், சுவரின் வர்ணத்தைச் சொன்னார். அந்த வர்ணத்தை அவருடைய தகப்பனார் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு வந்தபோது ஒரு மூலையில் விரல் சொடுக்கும் சத்தம். பிறகு இன்னொரு மூலையில். அப்புறம் கடை முழுவதும் மழை தூறுகிற மாதிரி ஆயிற்று. அவர் நிறுத்தினார். தாளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, மேடையிலேயே தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கினார். நல்ல கைதட்டல்.

எனக்கு அவமானமாக இருந்தது. வயதான மனுஷரை இப்படி நடத்துவதா என்று பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாளிடம் கேட்டும் விட்டேன். அவள் வருஷக்கணக்காக வருகிறவள். "அவர் அந்த ஒரே கவிதையைத்தான் மாதக்கணக்காகப் படிக்கிறார். முதலில் ஆறு நிமிஷம் இருந்தது. நாங்கள் சொடுக்கிய இடத்தையெல்லாம் வெட்டி வெட்டி இப்போது இரண்டு நிமிஷத்துக்கு வந்துவிட்டது. கடைசி வரி என்ன என்று எங்களில் யாருக்கும் இதுவரையில் தெரியாது" என்றாள்.

நான் நாற்பது வருஷங்களுக்கு மேலாக எழுதி வருகிறேன். தொடர்கதையின் பதினேழாம் அத்தியாயம் சோர்ந்து போயிற்று என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டுமென்றால், அது மூன்று வாரம் கழித்துத் தபாலில் வரும். வரும்போது இருபதாம் அத்தியாயம் அச்சாகிக்கொண்டிருக்கும். புத்தகமாகப் போடும்போது வெட்டலாம் என்று நினைப்பேன். வெட்டியதில்லை. பதினேழாம் அத்தியாயம் இன்றும் சோர்ந்தேதான் இருக்கிறது. எந்த வாக்கியத்தில் வாசகரின் கண் பக்கத்தை விட்டு ஜன்னலுக்குப் போயிற்று என்பதை அந்த நிமிஷமே தெரிந்துகொள்ளும் பாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தத் தொப்பிக்காரருக்குக் கிடைத்தது. அவர் அதை அவமானமாக நினைக்கவில்லை என்பதற்கு அந்தப் பென்சில்தான் சாட்சி.

அழைக்கப்பட்ட கவிஞர் நன்றாகவே படித்தார். நன்றாகப் படிக்கிறவர்கள் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

போட்டிதான் வம்பில் கொண்டுபோய் விட்டது. இந்தப் போட்டியின் விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தேசியப் போட்டியில் வழக்கமாகிப் போன முறை இது. சபையிலிருந்து குருட்டாம்போக்கில் ஐந்து பேரைப் பிடித்து நீதிபதிகளாக்குவார்கள். கவிதை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தெரியாதவர்கள் என்றால் விசேஷம். பூஜ்யம் முதல் பத்து வரை, தசமத்தோடு மார்க் போடலாம். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் கழித்துவிட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் முப்பதுக்கு இத்தனை என்று வரும். சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும். வேஷம், வாத்தியம், சாமான் ஒன்றும் கூடாது. மூன்று நிமிஷம் கெடு. அதற்கு மேல் பத்து வினாடி மன்னிப்பு. மன்னிப்பும் தீர்ந்தால் ஒவ்வொரு பத்து வினாடிக்கும் அரை மார்க் போகும். போட்டியில் சேராத ஒருவரை முதலில் படிக்கவிட்டு நீதிபதிகளின் கையைப் பழக்குவார்கள். அவருக்குப் பலிக் கவிஞர் என்று பெயர். பெயர் வைத்தவர்களுக்கு மனுஷ சுபாவம் தெரிந்திருக்கிறது. ஏனென்றால் நேரம் ஆக ஆக மார்க்கும் ஏறிக்கொண்டே போகும். அதே கவிதையை எட்டு மணிக்குப் படித்தால் ஒரு மார்க், ஒன்பதரைக்குப் படித்தால் வேறு மார்க்.

கிரீன் மில்லில் அன்று நீதிபதி அட்டைகளில் ஒன்று என் மாப்பிள்ளையின் கையில் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தை விட்டபின் கவிதை என்று ஒன்றைத் தொட்டறியாதவர். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். விடவில்லை. எனக்கு உள்ளூரச் சிரிப்பு. சங்கப் பலகையில் நக்கீரர் இருந்த இடத்தில் என் மாப்பிள்ளை!

முதல் கவிஞர் தம் நாயைப் பற்றி வேடிக்கையாகப் படித்தார். மாப்பிள்ளை 7.5 போட்டார். இரண்டாவது ஒருவர் யுத்தம் கூடாது என்று உரக்கப் படித்தார். 6.2. "ஏன்?" என்று கேட்டேன். "யுத்தம் வேண்டும் என்று இங்கே யார் சொன்னார்கள், மாமா? கதவு திறந்திருக்கிறது, அவர் தட்டிக்கொண்டே இருக்கிறார்" என்றார். நம் கவியரங்கங்களைப் பற்றி நான் பத்துப் பக்கத்தில் எழுதிய விமரிசனம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. கடை முழுவதும் அவரைப் பார்த்து ஊளையிட்டது. நீதிபதியை ஊளையிடுவதும் சபையின் உரிமைகளில் ஒன்று. அவர் அட்டையைக் கீழே இறக்கவில்லை.

நாலாவதாக ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். அவளுடைய தம்பி சுடப்பட்டு இறந்ததைச் சொன்னாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில் கத்தலாக. முடித்தபோது சபை எழுந்து நின்றது. மற்ற நீதிபதிகள் அட்டைகளைத் தூக்கிவிட்டார்கள். எல்லாம் ஒன்பதுக்கு மேல். மாப்பிள்ளையின் கையில் பேனா அப்படியே நின்றது. "எப்படி மாமா மார்க் போடுவது?" என்று தமிழில் கேட்டார்.

"கவிதைக்குத்தானே போட வேண்டும்?"

"கவிதை எது, அவள் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. 8.3 என்று போட்டால் அவள் தம்பிக்கு 8.3 போட்ட மாதிரி இருக்கிறது."

கடைசியில் பத்து போட்டார். அதிக மார்க் என்று அது கழிந்து போயிருக்கும். அதிலே அவருக்கு ஒரு நிம்மதி.

அந்த இடத்தில்தான் இந்தக் கலையின் பலமும் பலவீனமும் ஒன்றாக இருக்கின்றன என்று நினைக்கிறேன். அச்சில் 'நான்' என்று படித்தால் அந்த நான் யாராகவும் இருக்கலாம், வாசகனாகவும் இருக்கலாம். மேடையில் 'நான்' என்றால் கண்ணெதிரே ஓர் உடம்பு நிற்கிறது. அதன் கை நடுங்குகிறது. அந்த உடம்பைப் பார்த்துக் குறை சொல்ல மனம் வருவதில்லை. இதைக் கவிஞர்கள் கண்டுகொள்ள எத்தனை நாள் ஆகும்? சீக்கிரமே, காயத்துக்கு மார்க் அதிகம் என்று தெரிந்துபோகிறது. மூன்று நிமிஷத்தில் மெதுவாக, வேகமாக, கத்தலாக என்ற ஒரே ஏறுமுகத்தில் கவிதைகள் வரத் தொடங்குகின்றன. இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணை நான் சந்தேகிக்கவில்லை. அவள் துக்கம் நிஜம் என்றே நம்புகிறேன். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அதே துக்கத்தை அதே உச்சஸ்தாயிக்கு ஏற்றி ஜெயிக்க வேண்டியிருந்தால் அவள் கதி என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. நாயைப் பற்றிப் படித்தவர் தோற்றால் நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது.

வெளியே போன பிறகு இந்தக் குறை இன்னும் பெரிதாயிற்று. நியூயார்க்கில் 1973-இல் மிகேல் அல்கரின் தம் வீட்டுக் கூடத்தில் போர்ட்டோ ரிக்கோ ஜனங்களின் கவிதைக்காகத் தொடங்கிய நியூயோரிக்கன் கபே இருந்தது. இடையில் மூடிக் கிடந்து, 1989-இல் திறந்தபோது வெள்ளிக்கிழமை இரவுகளில் ஸ்லாம் அங்கேயும் வந்தது. 1990-இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 2002 முதல் 2007 வரையில் டெலிவிஷனில் ரஸ்ஸல் சிம்மன்ஸ் நடத்திய டெஃப் பொயட்ரி என்ற நிகழ்ச்சி வந்தது. அதன் மேடை வடிவத்துக்கு 2003-இல் டோனி விருதுகூடக் கிடைத்தது. டெலிவிஷனுக்கு மூன்றாவது பகுதிக் கவிஞர்கள்தான் வேண்டும். முதல் பகுதிக்கு வருகிற தொப்பிக்காரரையும் நர்ஸையும் அது என்ன செய்யும்? வியாபாரமாகிவிட்டது என்று முதலில் முகம் சுளித்தவர்களில் மார்க் ஸ்மித்தே ஒருவர். தேசியப் போட்டிகளை நடத்தி வந்த சங்கம் 2018-இல் கலைந்தும் போயிற்று.

பெரிய விமரிசகர் ஹெரால்ட் ப்ளூம் 2000-ஆம் வருஷமே, இது கலைக்குச் சாவு என்ற அர்த்தத்தில் கண்டித்துவிட்டார். அவர் சொன்னதைப் படித்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாமும் இதைத்தானே சொன்னோம் என்ற சந்தோஷம். ஆனால் கவிதையைக் கொன்ற கையென்றால் அந்த மேடையிலிருந்து வந்தவர்களின் புத்தகங்களில் ரத்தக்கறை இருக்க வேண்டுமல்லவா? வாங்கிப் படித்துப் பார்த்தேன்.

பாட்ரிஷியா ஸ்மித் சிகாகோ மேடைகளில் வளர்ந்தவர். தேசியப் போட்டியில் தனிநபர் பட்டத்தை நான்கு தடவை, 1990, 1991, 1993, 1995-இல், ஜெயித்தவர். நான் மேலே சொன்ன வியாதிக்கு அவரே மருந்து கண்டுபிடித்திருக்கிறார். கறுப்பினப் பெண்ணான அவர், கறுப்பர்களை வெறுக்கும் மொட்டைத் தலை வெள்ளை இளைஞன் ஒருவனின் வாயால் ஒரு கவிதை எழுதி அதை மேடையில் படித்தார். உடம்பு ஒன்று, 'நான்' வேறொன்று. அனுதாபத்துக்கு மார்க் போட வந்த நீதிபதி அங்கே என்ன செய்வான்? 2008-இல் வந்த 'பிளட் டாஸ்லர்' என்ற புத்தகத்தில், 2005-இல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரினா புயலே தன் வாயால் பேசுகிறது. முதியோர் விடுதி ஒன்றில் வெள்ளத்தில் இறந்த 34 பேருக்காக 34 பகுதிகள் கொண்ட ஒரு கவிதையும் அதில் இருக்கிறது. சத்தம் குறைவு. ஒவ்வொருவருக்கும் சில வரிகள், சிலருக்கு அதுவும் இல்லை. பிறர் குரலுக்கு இடம் கொடுக்க அவர் ஞாயிற்றுக்கிழமை கூட்டங்களில் பழகியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றிற்று. தன் முறை வரும் வரையில் பன்னிரண்டு பேரைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருந்ததே!

டைஹிம்பா ஜெஸ் 2000-இலும் 2001-இலும் கிரீன் மில் குழுவில் போட்டியிட்டவர். 2016-இல் வந்து அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு பெற்ற அவருடைய 'ஓலியோ'வைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அச்சில் அல்லாமல் வேறெப்படியும் இருக்க முடியாத புத்தகம் அது. அடிமைகளாகப் பிறந்து, உடல் ஒட்டிய நிலையில் பாடிப் பிழைத்த மெக்காய் சகோதரிகளைப் பற்றிய கவிதைகளில் இடது பத்தி ஒருத்தி, வலது பத்தி மற்றவள், சேரும் இடத்தில் இருவரும். மேலிருந்து கீழே படிக்கலாம்; குறுக்கே படிக்கலாம். சில பக்கங்களைக் கிழித்து மடித்து உருளையாக்கிச் சுற்றிச் சுற்றியும் படிக்கலாமாம். எனக்குப் புத்தகத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. ஒரு குரல், ஒரு உடம்பு, மூன்று நிமிஷம் என்ற மேடையின் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றையும் காகிதத்தில் உடைத்திருக்கிறார். மேடை ஏறாதவனுக்கு அவற்றை உடைக்க வேண்டும் என்றே தோன்றியிராது.

பால் பீட்டியோ கவிதையையே விட்டுவிட்டு வந்தவர். 1990-இல் நியூயோரிக்கன் கபேயின் பெரிய ஸ்லாமில் ஜெயித்தார். ஜெயித்ததற்குப் பரிசு ஒரு கவிதைப் புத்தகம் வெளியாவது. பிறகு நாவல் பக்கம் போய், 2016-இல் 'தி செல்லவுட்' நாவலுக்காக மேன் புக்கர் பரிசு வாங்கினார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர். அந்த நாவலில் பத்து வரிக்கு ஒரு தடவை சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வேறு பக்கம் போய்விடுகிறது. கைதட்டலுக்கு நிறுத்துவதே இல்லை. சபை எந்த இடத்தில் கைதட்டும் என்று நன்றாகத் தெரிந்தவன்தான் அந்த இடத்தில் நிறுத்தாமல் போக முடியும். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆகவே, என் பழைய கட்டுரையில் பாதி தப்பு என்றேனே, அது இதுதான். கேட்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதினால் கவிதை கெட்டுவிடும் என்று எழுதியிருந்தேன். கெடுவது அதனால் அல்ல. நம் கவியரங்கத்தில் கேட்கிறவனுக்கு இருப்பது ஒரே உரிமை, கைதட்டலாம். கவிஞர் அழைப்பின் பேரில் வந்திருக்கிறார், மாலை போட்டாகிவிட்டது, முன்வரிசையில் பிரமுகர்கள். இந்த வரி சொத்தை என்று அங்கே யார் எப்படிச் சொல்வது? எழுந்து வெளியே போகலாம். அதைக் கவிஞர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார். அரங்கேற்றம் என்று ஒரு காலத்தில் நம்மிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்சேபணை சொல்ல வருகிறவர்களுக்கு அங்கே இடம் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் கம்பர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆட்சேபணையை விட்டுவிட்டு மாலையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மற்றப் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். மார்க் போட்டால் கவிதை மார்க்கை நோக்கித்தான் வளையும். கிரீன் மில்லில் நான் கேட்ட நல்ல கவிதை நர்ஸினுடையது. போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தால் அவளுக்கு ஆறுக்கு மேல் கிடைத்திருக்காது என்று பந்தயம் கட்டுவேன். கத்தல் இல்லை, ஏறுமுகம் இல்லை, கிழவி சாகவும் இல்லை. நகம் வெட்டியதோடு சரி.

திரும்பி வரும்போது காரில் மாப்பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆபீஸ் மீட்டிங்கில்கூட நான் இவ்வளவு கவனமாக யார் பேசியதையும் கேட்டதில்லை, மாமா. அட்டை கையில் இருந்ததால் தூங்க முடியவில்லை" என்றார். நான் அன்று இரண்டாம் பகுதியில் சற்றுக் கண்ணயர்ந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். சொல்லிக்காட்டவில்லை.

அடுத்த வாரம் நான் ஊர் திரும்பிவிட்டேன். ஜனவரியில் ஒரு நாள் காலையில் டெலிபோன். பெண்ணுக்கு என்னவோ என்று பயந்துகொண்டு எடுத்தேன். மாப்பிள்ளைதான். அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகவே போய் வருகிறாராம். அப்போதுதான் அங்கிருந்து வந்திருந்தார்.

"மாமா, அந்தத் தொப்பிக்காரர் இன்றைக்குக் கவிதையை முடித்துவிட்டார். ஒருவர்கூடச் சொடுக்கவில்லை. கடையே எழுந்து நின்றது."

"கடைசி வரி என்ன?"

சொன்னார். இங்கிலீஷில் நாலு வார்த்தை. வீட்டுச் சாவியைப் பற்றியது.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"சுமார்தான், மாமா" என்றார். "ஆறரை போடலாம்."